பிரவுசருக்குள் பைத்தான்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிகள்

ஜுபிட்டர்லைட் பக்கத்தைத் திறந்தால் போதும், பைத்தான் நிரலைச் செல் செல்லாக (துண்டு துண்டாக) எழுதி ஓட்டும் நோட்புக் தயார். சர்வர் வேண்டாம், இன்ஸ்டால் வேண்டாம். நம்பை, சைபை, பாண்டாஸ் போன்ற கணக்கு, தரவுப் பேக்கேஜ்கள் எல்லாம் ஒரு டேப்புக்குள்ளேயே ஓடும். ஆனால் சொந்தக் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடிய நோட்புக்கை அப்படியே கொண்டுவந்து இங்கே ஓட்டினால் எங்காவது ஒரு செல் இடறும். பெரும்பாலும் உங்கள் நிரலில் குற்றம் இருக்காது.

இந்தப் பைத்தானின் பெயர் பையோடைட். 2018இல் மொசில்லாவில் மைக்கேல் டிரோட்பூம் தொடங்கிய திட்டம், 2021இல் தனித்து வந்தது. நாம் வழக்கமாக ஓட்டும் பைத்தானையே (சிபைத்தான்) எம்ஸ்கிரிப்டன் என்ற கம்பைலர் மூலம் வெப்அசெம்ப்ளியாக, அதாவது பிரவுசர் நேரடியாக ஓட்டக்கூடிய நிரல் வடிவமாக, மாற்றியிருக்கிறார்கள். அதனால் மொழி அதே மொழிதான். மாறியிருப்பது அது குடியிருக்கும் கம்ப்யூட்டர்: 32 பிட், த்ரெட் (ஒரே நேரத்தில் பல வேலை) கிடையாது, சாக்கெட் (நேரடி நெட்ஒர்க் இணைப்பு) கிடையாது, உண்மையான டிஸ்க் கிடையாது. அதற்கு வெளியே பிரவுசரின் பாதுகாப்பு விதிகள் வேறு. கீழே வரும் எல்லாப் பிழைகளும் இந்த நான்கைந்து வரிக்குள் அடங்கும்.

எதைத் தொடங்கும் முன்பும் எஃப்12 அழுத்தி, கன்சோலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குக் கீழே வரும் சிவப்பு வரிகள் பைத்தான் சொல்வது. பிரவுசர் எதையாவது தடுத்திருந்தால் அதன் காரணம் கன்சோலில் மட்டும்தான் இருக்கும். ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், செல்லில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

## பிழைச்செய்தியே இல்லை, ஆனால் எண் தப்பு

வரிசைப்படி பார்த்தால் 'பக்கம் திறக்கவில்லை' என்பதில்தான் தொடங்க வேண்டும். ஆனால் திறக்காத பக்கம் யாரையும் ஏமாற்றுவதில்லை. சத்தமில்லாமல் தவறான விடை தரும் நோட்புக்தான் ஆபத்து. அதனால் இதை முதலில் வைக்கிறேன்.

நம்பையை என்பி என்ற சுருக்கப் பெயரில் இம்போர்ட் செய்துவிட்டு, ஒரு செல்லில் இதை ஓட்டிப் பாருங்கள்: என்பி.அரேஞ்ச்(100000).சம்(). 0 முதல் 99,999 வரையான எண்களின் கூட்டுத்தொகை 4,99,99,50,000 வர வேண்டும். பையோடைட்டில் வருவது 70,49,82,704. எச்சரிக்கை இல்லை, சிவப்பு வரி இல்லை, மைனஸ் குறிகூட இல்லை. பார்த்தால் நியாயமான எண் போலவே இருக்கும்.

காரணம், நம்பை தானாகத் தேர்ந்தெடுக்கும் முழு எண் வகை இங்கே இன்ட்32. அதில் அதிகபட்சம் அடங்குவது 214,74,83,647. அதைத் தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு மறுமுனையிலிருந்து வரும். என்பி.அரே([50000])**2 என்று 50,000இன் வர்க்கத்தைக் கேட்டால் −179,49,67,296 கிடைக்கும். மைனஸ் தெரிந்தால் யாராவது கவனிப்பார்கள். மேலே சொன்ன கூட்டுத்தொகையை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. முழு எண்களுக்குச் சராசரி கணக்கிடும்போது நம்பை தசம எண்ணுக்கு மாறிக்கொள்கிறது. அதனால் அதே அரேயின் சராசரி 49999.5 என்று சரியாகவே வரும். சராசரியை எண்ணிக்கையால் பெருக்குங்கள். கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், அரே நிரம்பி வழிந்திருக்கிறது.

தீர்வு: அரேயை உருவாக்கும் இடத்திலேயே டிடைப்=என்பி.இன்ட்64 என்று கொடுங்கள். ஏற்கனவே உருவான அரே என்றால் ஆஸ்டைப் மூலம் மாற்றிய பிறகு கணக்கு போடுங்கள். கணக்கு போட்டுவிட்டு மாற்றினால் கெட்ட எண்தான் பெரிய பெட்டியில் இருக்கும். பாண்டாஸின் ரீட்_சிஎஸ்வி முழு எண்களை இன்ட்64 ஆகவே படிப்பதால் அந்த வழியாக வந்த பத்திகளில் இந்தத் தொல்லை இல்லை. அரேஞ்ச், நேரடியாக லிஸ்டிலிருந்து செய்த அரே ஆகிய இரண்டிலும்தான் கவனம் வேண்டும். விண்டோஸில் பல ஆண்டுகளாக நம்பை வைத்திருந்தவர்களுக்கு இது பழைய கதை. 2024 ஜூனில் வந்த நம்பை 2.0தான் அங்கே இதை மாற்றியது. இங்கே 2.0 வந்தும் மாறாது, ஏனென்றால் இது உண்மையிலேயே 32 பிட் இடம்.

## கர்னல் சுற்றிக்கொண்டே இருக்கிறது

முதல் தடவை என்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். கர்னல் என்பது செல்களை ஓட்டும் பைத்தான்; அது முழுவதும் இறங்கி வர வேண்டும். அதற்கு மேல் நம்பையும் பாண்டாஸும். இரண்டாம் முறை பிரவுசரின் கேஷிலிருந்து வரும்.

பொறுத்தும் வரவில்லை என்றால் நெட்ஒர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை ரீலோட் செய்து, சிவப்பாக நிற்கும் வரியைப் பாருங்கள். அந்த முகவரி ஜெஎஸ்டெலிவர் என்ற சிடிஎன் (கோப்புகளை விநியோகிக்கும் பொது சர்வர்) ஆக இருந்தால், கல்லூரி அல்லது அலுவலக ஃபயர்வால் அதை அடைத்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு முறை திறந்து பாருங்கள். அதில் திறந்தால் காரணம் உறுதி. நிரந்தரத் தீர்வு, தளத்தை நடத்துபவர் பையோடைட் கோப்புகளைத் தன் சொந்த இடத்திலேயே வைப்பது.

நீங்களே எச்டிஎம்எல் கோப்பு எழுதி, அதை இரட்டை கிளிக் செய்து திறந்திருந்தால் கதை வேறு. முகவரி ஃபைல் என்று தொடங்கும் பக்கங்களுக்கு ஒர்க்கர் (பின்னணியில் நிரல் ஓட்டும் வசதி), ஃபெட்ச் (கோப்பைக் கேட்டு வாங்கும் வசதி) இரண்டையும் பிரவுசர் மறுக்கும். அந்த ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து பைத்தான் -எம் எச்டிடிபி.சர்வர் 8000 கொடுத்து, லோக்கல்ஹோஸ்ட் 8000 வழியாகத் திறங்கள். வேலை முடிந்தது.

## 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்'

ஆச்சரியக்குறி போட்டு பிப் இன்ஸ்டால் கொடுத்துப் பயனில்லை. அது ஷெல்லைக் கூப்பிடும் குறி, இங்கே ஷெல் இல்லை. ஜுபிட்டர்லைட்டில் சதவீதக் குறியோடு %பிப் இன்ஸ்டால் கொடுக்கலாம். அல்லது பையோடைட்டின் நிறுவும் கருவியான மைக்ரோபிப்பை இம்போர்ட் செய்துவிட்டு, அவெய்ட் மைக்ரோபிப்.இன்ஸ்டால் என்று கூப்பிடலாம். அந்த அவெய்ட் விட்டுப்போனால் பிழை வராது. இன்னும் ஓடாத வேலையைக் குறிக்கும் ஒரு கோரூட்டின் ஆப்ஜெக்ட் அச்சாகும், பேக்கேஜ் வராது. அடுத்த செல்லில் பழையபடி 'நாட் ஃபவுண்ட்'. வகுப்பில் நான் பார்க்கும் இந்தப் பிழைகளில் பாதிக்கு மேல் இதுதான்.

பெயரிலும் கவனம் தேவை. இம்போர்ட் செய்வது எஸ்கேலேர்ன், நிறுவ வேண்டிய பெயர் சைகிட்-லேர்ன். சிவி2வுக்கு ஓப்பன்சிவி-பைத்தான். எக்செல் கோப்பைப் படிக்கப் போனால் பாண்டாஸ் ஓப்பன்பைஎக்செல் கேட்கும். அதைத் தனியாக நிறுவிக்கொள்ளுங்கள்.

'ப்யூர் பைத்தான் வீல் கிடைக்கவில்லை' என்று வந்தால் விஷயம் கொஞ்சம் ஆழமானது. வீல் என்பது நிறுவத் தயாராகக் கட்டிய பேக்கேஜ் கோப்பு. பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐ தளத்தில் அந்தப் பேக்கேஜின் டவுன்லோட் பக்கத்துக்குப் போய்க் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். நன்-எனி என்று முடிந்தால் அது முழுவதும் பைத்தானில் எழுதியது, இங்கே ஓடும். லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று தனித்தனியாக மட்டும் இருந்தால் உள்ளே சி, ரஸ்ட் அல்லது ஃபோர்ட்ரான் இருக்கிறது. அதை யாராவது வெப்அசெம்ப்ளிக்காகத் தொகுத்துக் கொடுத்திருக்க வேண்டும். நம்பை, சைபை, சைகிட்-லேர்ன், ஸ்டாட்ஸ்மாடல்ஸ், ஆஸ்ட்ரோபை, பயோபைத்தான் போன்றவற்றைப் பையோடைட் குழு அப்படிச் செய்திருக்கிறது. பைடார்ச், டென்சர்ஃப்ளோ அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்காக மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம். சர்வர் நோட்புக்குக்குப் போய்விடுங்கள்.

சில நேரம் நீங்கள் கேட்ட பேக்கேஜ் சரி, அது இழுத்துவரும் துணைப் பேக்கேஜ்தான் சிக்கல். அந்தத் துணை உங்கள் வேலைக்குத் தேவையில்லை என்று தெரிந்தால் டெப்ஸ்=ஃபால்ஸ் கொடுத்துத் துணைகள் எல்லாவற்றையும் தவிர்க்கலாம்.

## இணையத்திலுள்ள சிஎஸ்வி வரமாட்டேன் என்கிறது

இங்கே இரண்டு தனித்தனிப் பிழைகள் ஒன்றாகக் கலந்துவிடும். பிரித்துப் பாருங்கள்.

பாண்டாஸிடம் இணைய முகவரியைக் கொடுத்ததும் 'அன்நோன் யூஆர்எல் டைப்: எச்டிடிபிஎஸ்' என்று சொன்னால் அது பைத்தான் தரப்புப் பிழை. பைத்தானோடு வரும் இணைய மாட்யூலான யூஆர்எல்லிப் சாக்கெட் வழியாகப் பேசப் பார்க்கிறது. பிரவுசர் சாக்கெட் தருவதில்லை, ஃபெட்ச் மட்டுமே தரும். பையோடைட்.எச்டிடிபி மாட்யூலில் ஓப்பன்_யூஆர்எல் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. முகவரியை அதற்குள் போட்டு, கிடைப்பதை ரீட்_சிஎஸ்வியிடம் கொடுங்கள். எக்செல் மாதிரி பைனரிக் கோப்பு என்றால் பைஃபெட்ச் மூலம் பைட்ஸாக வாங்கி, பைட்ஸ்ஐஓவில் சுற்றிக் கொடுங்கள். பழைய நிரலில் நிறைய இடங்களில் மாற்ற வேண்டியிருந்தால் பையோடைட்-எச்டிடிபி பேக்கேஜை நிறுவி பேட்ச்_ஆல் கூப்பிடுங்கள். ரிக்வெஸ்ட்ஸ், யூஆர்எல்லிப் இரண்டையும் அதுவே பிரவுசர் வழிக்குத் திருப்பிவிடும்.

இதைச் செய்த பிறகும் 'ஃபெய்ல்ட் டு ஃபெட்ச்' என்று மொட்டையாக ஒரு வரி வந்தால், இப்போது மறுப்பது பிரவுசர். பைத்தானுக்கே காரணம் தெரியாது, அதனால் சொல்லவும் சொல்லாது. கன்சோலைப் பாருங்கள்: 'சிஓஆர்எஸ் பாலிசி' என்ற சொற்கள் இருக்கும்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி: அதே முகவரியை அட்ரஸ் பாரில் போட்டால் கோப்பு இறங்குகிறதே, நோட்புக்கில் மட்டும் ஏன் மறுக்கிறது? அட்ரஸ் பாரில் போடும்போது நீங்கள் அந்தத் தளத்துக்குப் போகிறீர்கள். நோட்புக்கிலிருந்து கேட்கும்போது ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் உள்ளடக்கத்தைப் படிக்கப் பார்க்கிறது. அந்த இன்னொரு தளம் 'அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின்' என்ற ஹெட்டரில் சம்மதம் சொன்னால்தான் பிரவுசர் படிக்க விடும். உங்கள் கம்ப்யூட்டர் பைத்தானுக்கு இந்த விதியே இல்லை, ஏனென்றால் இது பிரவுசரின் விதி. உங்கள் நிரலில் எதை மாற்றினாலும் இது சரியாகாது. சம்மதம் தர வேண்டியது எதிர்த்தரப்பு சர்வர்.

ஆகவே வழிகள் மூன்றுதான். கோப்பைச் சாதாரணமாக டவுன்லோட் செய்து, ஜுபிட்டர்லைட்டின் இடப்பக்க ஃபைல் பகுதியில் இழுத்துப் போடலாம். இல்லையென்றால் கோப்பை கிட்ஹப்பில் வைத்து 'ரா' பொத்தான் தரும் முகவரியைப் பயன்படுத்தலாம். அந்த முகவரி எல்லோருக்கும் சம்மதம் தருகிறது, கோப்பைக் காட்டும் சாதாரண கிட்ஹப் பக்கத்தின் முகவரி தராது. அல்லது தளம் உங்களுடையதாக இருந்தால் ஹெட்டரை நீங்களே சேர்க்கலாம். யாரோ நடத்தும் இலவச சிஓஆர்எஸ் ப்ராக்ஸிகளைப் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் தரவு முன்பின் தெரியாத ஒருவர் சர்வர் வழியாகப் போய்வருவதில் எனக்குச் சம்மதமில்லை, ஆய்வுத் தரவு என்றால் அறவே வேண்டாம்.

கன்சோலில் 'மிக்ஸ்ட் கன்டென்ட்' என்று இருந்தால் அது வேறு: எச்டிடிபிஎஸ் பக்கத்திலிருந்து எஸ் இல்லாத எச்டிடிபி முகவரியைக் கேட்டிருக்கிறீர்கள். எஸ் சேர்த்துப் பாருங்கள்.

## ஃபைல் கண்ணுக்குத் தெரிகிறது, பைத்தானுக்குத் தெரியவில்லை

இடப்பக்கம் மழை.சிஎஸ்வி இருக்கிறது, செல்லில் ஓப்பன் செய்தால் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்'. ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி() ஓட்டிப் பாருங்கள். டிரைவ் என்று தொடங்கும் பாதை வந்தால் இணைப்பு சரியாக இருக்கிறது, பெயரையோ ஃபோல்டரையோ சரிபாருங்கள். வேறு எதுவும் வந்தால், ஃபைல் பகுதிக்கும் கர்னலுக்கும் பாலமாக இருக்கும் சர்வீஸ் ஒர்க்கர் ஓடவில்லை. எச்டிடிபிஎஸ் அல்லது லோக்கல்ஹோஸ்ட் இல்லாமல் அது ஓடாது. பிரைவேட் விண்டோவிலும், இன்னொரு தளத்துக்குள் ஐஃப்ரேமாகப் பதித்த நோட்புக்கிலும் அடிக்கடி தடைபடும். சாதாரண விண்டோவில், தனி டேப்பில் திறந்து பாருங்கள்.

## நேற்று செய்தது காணவில்லை. இன்று மாற்றியது தெரியவில்லை

ஜுபிட்டர்லைட் உங்கள் நோட்புக்கை எந்த சர்வருக்கும் அனுப்புவதில்லை. பிரவுசருக்குள்ளேயே இருக்கும் இன்டெக்ஸ்டுடிபி என்ற தரவுக் கிடங்கில் வைக்கிறது. வேறு பிரவுசரில் திறந்தால் இருக்காது, ஹிஸ்டரியோடு சேர்த்துத் தளத் தரவையும் அழித்தால் போய்விடும், பிரைவேட் விண்டோவை மூடினால் போய்விடும். சஃபாரி 2020இலிருந்து இன்னும் கறார்: பிரவுசரைப் பயன்படுத்திய 7 நாள்களுக்கு ஒரு தளத்தைத் தொடாமல் விட்டால் அந்தத் தளத்தின் ஸ்கிரிப்ட் சேமித்ததைத் தானே துடைத்துவிடும். ஐபேடில் செமஸ்டர் முழுவதும் வேலை செய்யும் மாணவர்களுக்கு இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் வலது கிளிக், டவுன்லோட். வேறு காப்பு இல்லை.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு. ஆசிரியர் சர்வரில் நோட்புக்கை மாற்றிவிட்டார், மாணவருக்குப் பழையதே தெரிகிறது. மாணவர் ஒரு முறை சேமித்ததுமே அவருடைய பிரதி முன்னால் வந்து சர்வர் பிரதியை மறைத்துவிடும். தன் பிரதியை டவுன்லோட் செய்துவிட்டு, ஃபைல் பகுதியில் அதை டெலீட் செய்து, ரீலோட் செய்தால் புதியது தெரியும்.

## வரைபடத்தில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது

மாவட்டவாரியாக மழையளவு வரைகிறீர்கள். அச்சில் மதுரை, தேனி, கோவை என்று கொடுத்தால் வெற்றுக் கட்டங்கள். கூடவே 'க்ளிஃப் 2965 மிஸ்ஸிங்' என்ற வகையில் எச்சரிக்கை. 2965 என்பது 'க' எழுத்தின் யூனிகோட் எண். மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவூ சான்ஸ் ஃபான்ட்டில் தமிழ் இல்லை. உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை தமிழ் ஃபான்ட் இருந்தாலும் டேப்புக்குள் இருக்கும் பைத்தானுக்கு அவை எட்டாது.

நோட்டோ சான்ஸ் தமிழ் கோப்பை உள்ளே ஏற்றி, ஃபான்ட்மேனேஜரில் ஆட்ஃபான்ட் கொடுத்தால் கட்டங்கள் மறையும். ஆனால் அத்துடன் நிம்மதி இல்லை. பரவலாக ஓடும் மேட்பிளாட்லிப் பதிப்புகள் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும், அவ்வளவுதான். 'தே'யில் கொம்பு தகரத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது, பின்னால் போடும். மதுரையில் ரகரத்துக்குப் பின் ஐகாரக் குறி தொங்கும், 'து' இரண்டாகப் பிரிந்து நிற்கும். படித்தால் புரியும், அச்சுக்குக் கொடுக்க முடியாது.

பிரவுசருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். அதனிடம் விட்டுவிடுவதுதான் நல்ல தீர்வு. மேட்பிளாட்லிப்பின் அமைப்புப் பட்டியலான ஆர்சிபேரம்ஸில் 'எஸ்விஜி.ஃபான்ட்டைப்' என்பதை 'நன்' என்று மாற்றுங்கள். நோட்புக்கில் %கான்ஃபிக் மூலம் இன்லைன்பேக்எண்ட்.ஃபிகர்_ஃபார்மட்டை 'எஸ்விஜி' ஆக்குங்கள். இப்போது மேட்பிளாட்லிப் எழுத்தைப் படமாக வரையாது, எழுத்தாகவே எஸ்விஜிக்குள் விட்டுவிடும். கொம்பையும் கொக்கியையும் பிரவுசர் சரியான இடத்தில் போட்டுக்கொள்ளும். க்ளிஃப் எச்சரிக்கை தொடர்ந்து வரலாம், கண்டுகொள்ள வேண்டாம். ஆல்டேர் போல வரைவதையே பிரவுசரிடம் ஒப்படைக்கும் பேக்கேஜ்களில் இந்தத் தொல்லையே எழுவதில்லை. சொந்தக் கம்ப்யூட்டரிலும் இதே உத்தி செல்லும்.

## ஸ்டாப் அழுத்தியும் நிற்கவில்லை

ஒயில் ட்ரூ எழுதிவிட்டு வெளியே வர வழி வைக்கவில்லை. இன்டரப்ட் பொத்தானுக்கு அசைவில்லை. கர்னலை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மாறிகள் போகும், நோட்புக் போகாது. நீங்களே எழுதிய பக்கத்தில், ஒர்க்கர் இல்லாமல் பையோடைட்டை ஓட்டியிருந்தால் டேப்பே உறையும், மூடுவதைத் தவிர வழியில்லை. அதனால் முதலிலேயே ஒர்க்கருக்குள் வையுங்கள்.

ஓடும் பைத்தானை நடுவில் நிறுத்த, பக்கமும் ஒர்க்கரும் ஒரே நினைவகத்தைப் பகிர வேண்டும். அதற்கான ஷேர்டுஅரேபஃபரை 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததும் பிரவுசர்கள் முடக்கின. இப்போது இரண்டு சிறப்பு ஹெட்டர்களோடு வரும் பக்கத்துக்கு மட்டுமே தருகின்றன. கிட்ஹப் பேஜஸில் ஹெட்டர் சேர்க்க வசதி இல்லை. இந்த வரலாற்றுக்குத்தான் நீங்கள் ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

சுழல் முடிவில்லாதது அல்ல, மெதுவானது மட்டும் என்றால்: வெறும் பைத்தான் சுழல்கள் இங்கே 3 முதல் 5 மடங்கு வரை மெதுவாக ஓடும். அரே கணக்காக மாற்றினால் வித்தியாசம் வெகுவாகக் குறையும்.

## மெமரி எரர், அல்லது 'ஃபேட்டல் எரர்'

32 பிட் முகவரியில் 4 ஜிபிக்கு மேல் எட்டாது. நடைமுறையில் அதற்கு முன்பே நின்றுவிடும். 20,000க்கு 20,000 அணி ஒன்றே, ஃப்ளோட்64இல், 3.2 ஜிபி. ஃப்ளோட்32 ஆக்கினால் பாதி. சிஎஸ்வி என்றால் யூஸ்கால்ஸ் கொடுத்துத் தேவையான பத்திகளை மட்டும் படியுங்கள்.

டெல் கட்டளை கொடுத்து மாறியை நீக்கியும் டாஸ்க் மேனேஜரில் டேப்பின் அளவு இறங்கவில்லையே என்று தேட வேண்டாம். வெப்அசெம்ப்ளி நினைவகம் வளரும், சுருங்காது. விடுவித்த இடத்தைப் பைத்தான் மறுபடி பயன்படுத்திக்கொள்ளும், பிரவுசருக்குத் திருப்பித் தராது. ரீஸ்டார்ட் செய்தால்தான் திரும்பும். 'பையோடைட் ஏற்கனவே செயலிழந்துவிட்டது' என்ற பொருளில் செய்தி வந்தபின் எந்த செல்லும் ஓடாது, அங்கும் ரீஸ்டார்ட்தான்.

## சில்லறைகள்

'கான்ட் ஸ்டார்ட் நியூ த்ரெட்': த்ரெட் இல்லை, மல்டிபிராசஸிங்கும் இல்லை. என்_ஜாப்ஸ் 1 என்று வையுங்கள்.

ஏசியா/கொல்கத்தா, ஏசியா/கொழும்பு நேர மண்டலங்களை ஜோன்இன்ஃபோ அறியவில்லை என்றால் டிஇசட்டேட்டா பேக்கேஜை நிறுவுங்கள்.

எஸ்கியூலைட்3 இல்லை என்று வந்தாலும் பதற வேண்டாம். அளவைக் குறைக்க அதைத் தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள், மைக்ரோபிப் கொண்டு வரும்.

## இவற்றில் எதுவும் இல்லை

பையோடைட் தளத்தில் வெறும் கன்சோல் பக்கம் ஒன்று இருக்கிறது. பிழை தரும் வரிகளை மட்டும் அங்கே ஒட்டி ஓட்டுங்கள். அங்கும் அதே பிழை என்றால் கேட்க வேண்டிய இடம் பையோடைட் அல்லது அந்தப் பேக்கேஜ். அங்கே ஓடினால் ஜுபிட்டர்லைட். புகார் எழுதும்போது பையோடைட் பதிப்பு எண், பிரவுசர் பெயரும் பதிப்பும், கன்சோலின் சிவப்பு வரிகள் மூன்றையும் சேர்த்து ஒட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட்டாக வேண்டாம், எழுத்தாக ஒட்டுங்கள். அப்போதுதான் தேடிப் பார்க்க முடியும்.